தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்த முயல்

பிரேமலாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். கூட்டிச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் தம்ளர் விளிம்பில் மெல்லியதாக ஒரு கறை தெரிந்தால் போதும், அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பஸ் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். கல்யாண விருந்தில் பக்கத்து இலைக்காரர் விரலை நக்குவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பாயசம் கிடையாது. "ஒனக்கு அருவருப்பு இல்லாத பொருள் ஒன்னே ஒன்னு சொல்லு பாப்போம்" என்று அவள் கணவன் மதிவாணன் சீண்டுவான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெந்நீர்" என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் மாசாய் என்ற ஊரில் ஒரு மிருக கிளினிக்கில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறாள். சம்பளச் சீட்டில் உதவியாளர் என்று போட்டிருக்கும். அவள் வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: பிடிப்பது. டாக்டர் ரூபேந்திரன் பார்ப்பார், இவள் பிடிப்பாள். நாயின் காதில் சீழ் வழியும்போது நாயைப் பிடிப்பாள். பூனைக்கு ஊசி போடும்போது பூனையைப் பிடிப்பாள். முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி சுளித்தே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் செல்லத்தைப் பார்த்துத்தான் இந்த அம்மா இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று கோபித்துக்கொள்வார்கள். கோபம் நியாயமானதுதான். அவர்கள் செல்லத்தைப் பார்த்துத்தான் அவள் சுளிக்கிறாள்.

பிறந்தது லாயாங் லாயாங் என்ற ஊரில். பதினெட்டு வயதில் பாசிர் கூடாங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வந்தாள். எட்டுப் பெண்களுக்கு ஒரே குளியலறை இருந்த விடுதி அது. அடைத்துக்கொண்ட தண்ணீர் போகும் துளையில் எட்டுப் பேர் தலைமுடியும் சேர்ந்து சுருண்டு கிடந்ததை இன்றைக்கும் அவளால் மறக்க முடியாது. பதினாறு வருஷம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து, நகக்கண் அளவுப் பொருளில் குறை தேடினாள். ஒரு நாள் அந்தப் பகுதியையே மூடி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம்தான் இந்த கிளினிக்கில் தரை துடைக்க வந்தாள்.

வந்த இரண்டாவது வாரம் ஒரு பூனை கழுவுத்தொட்டிக்கு அடியில் புகுந்துகொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. மூன்று பேர் கையில் ரத்தம். பிரேமலாவுக்குத் தரை துடைத்து முடிக்க வேண்டும், நேரமாகிறது. பழைய கைலி ஒன்றைப் பூனை மேல் போட்டாள், சுருட்டினாள், பொட்டலமாக டாக்டரிடம் நீட்டினாள். "சீக்கிரம் வாங்குங்க டாக்டர், நாறுது." அன்றோடு துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது.

பூனையையும் நாயையுமாவது அவள் பொறுத்துக்கொள்வாள். முயலைக் கண்டால் ஆகாது. பஞ்சு மாதிரி இருக்கிறது என்று ஊரே கொஞ்சுகிறதே, அந்தப் பஞ்சு விடியற்காலையில் குனிந்து தன் புழுக்கையைத் தானே வாயில் வாங்கித் தின்னும். அது அதற்கு ஆரோக்கியமாம். டாக்டர் சொன்னார், அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அந்த வாய்க்கு முத்தம் கொடுக்கிறவர்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

முயலைப் பிடிப்பதில் அவளுக்கு நிகராக இன்னொரு ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை. அதற்குக் காரணம் ஒரு பாவம். இரண்டாவது வருஷம், சாம்பல் நிற முயல் ஒன்று. நகம் வெட்டத் தூக்கினாள். முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்தாள், பின்னங்கால்கள் காற்றில் தொங்கின. ஐந்து விநாடி இருக்குமா? முயல் ஒரே ஒரு உதை உதைத்தது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். அதன் பின்னங்கால்கள் அப்புறம் அசையவே இல்லை. முயலுக்கு உதைக்கப் பலம் அதிகம், எலும்புக்குத் தாங்கப் பலம் குறைவு. யாரும் அதை அடித்து உடைக்க வேண்டியதில்லை. கால் தொங்கினால் தன் முதுகைத் தானே ஒடித்துக்கொள்ளும். முயலின் சொந்தக்காரம்மா எதுவும் புரியாமல், போகும்போது பிரேமலாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்து முகம் சுளித்தவள் அந்த இரண்டு நாளும் தன் கையைப் பார்த்தே சுளித்தாள்.

அதற்கப்புறம் அவள் முறையே மாறிப்போனது. துண்டு வேண்டாம், துண்டின் நூலில் நகம் மாட்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்றான கைலிதான். மேசை வேண்டாம், தரை. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், முயலின் உடம்பு தன் உடம்போடு ஒட்டி. திமிறினால் இறுக்கக் கூடாது, இன்னும் நெருக்கமாக அணைத்துத் தரையோடு தரையாகத் தாழ வேண்டும். இதை அவள் பல பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "ஆமாமா" என்பார்கள். வீட்டுக்குப் போய் காதைப் பிடித்துத் தூக்குவார்கள்.

தீபாவளி முடிந்து ஆறாம் நாள், சனிக்கிழமை காலை, திருச்செல்வம் வந்தார். துறைமுகத்தில் டிரேலர் லோரி ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும், கிளினிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஓர் அரிசிச் சாக்கு. அதை உள்ளே கொண்டுவந்து வைத்தார், கட்டை அவிழ்த்தார், கையை விட்டு இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து ஒரு வெள்ளை முயலை வெளியே தூக்கினார்.

"எறக்குங்க!" பிரேமலா போட்ட சத்தத்தில் காத்திருந்த நாய் ஒன்று குரைப்பதை நிறுத்திவிட்டது.

"ஒன்னும் ஆகாதும்மா. இப்படிப் பிடிச்சாத்தான் ஆடாது. எங்கப்பா ரெங்கம் தோட்டத்துல மொயலு வளத்தாரு, இப்படித்தான் தூக்குவாரு."

"உங்கப்பா கறிக்கு வளத்தாருண்ணே. எறக்குங்க மொதல்ல."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. பிட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்து முயலை வாங்கித் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சேர்த்ததும் நாற்றம் அடித்தது. புளித்த எண்ணெய், மூத்திரம், அதற்கும் கீழே இனிப்பாக ஒரு நாற்றம். அந்த இனிப்பு என்னவென்று அவளுக்குத் தெரியும்.

முயலின் பெயர் மோச்சி. திருச்செல்வத்தின் மகள் வாசுகி வளர்த்தது. அவள் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் போனபோது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் வருகிறாள். வீட்டில் வாசுகியின் அம்மாவை அது கையில் இரண்டு தடவை கடித்து வைத்ததில் அவர் முயல் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. ஆக, எல்லாம் திருச்செல்வம்தான்.

"கீழ் முடியெல்லாம் இப்படி ஒட்டிக் கெடக்கே, என்ன தடவினீங்க?"

"நல்லெண்ணெய்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "தீபாவளியன்னைக்கு வீட்ல எல்லாரும் எண்ண தேச்சுக் குளிச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தலைலேருந்து வால் வரைக்கும் தேச்சு, சீயக்கா போட்டு ஊத்தினேன். ரெண்டு நாள் கழிச்சு வால்கிட்ட புண்ணு மாதிரி இருந்துச்சு. மஞ்சள் அரைச்சு அப்பினேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். மனிதர் அன்பில்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் முயலின் முடியில் ஊறிய எண்ணெய் சீயக்காய்க்குப் போகுமா? அடிவயிற்று முடி திரி திரியாக ஒட்டிக்கொண்டது. புழுக்கையும் மூத்திரமும் அதில் அப்பியது. ஈரம் காயவில்லை. ஈ வந்து உட்கார்ந்தது. அதன் மேல் இவர் மஞ்சள் பூசி, மூடி போட்டு வைத்திருக்கிறார்.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லென்று இருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காது என்றார். வலி குறைகிற ஊசி ஒன்று போடலாம், மிச்சத்தை விழித்திருக்கும்போதே செய்ய வேண்டும். முயலின் தோல் நனைந்த காகிதம் மாதிரி, கத்தரி பட்டால் கிழியும். அது ஒரு தடவை துள்ளினால் தோல் போகும், இரண்டாம் தடவை துள்ளினால் முதுகு போகும். "அசையாமப் பிடிச்சுக்குங்க பிரேமலா" என்றார். ஏதோ குடையைப் பிடிக்கச் சொல்கிற குரலில்தான் அவர் எதையுமே சொல்வார். அந்தக் குரலும் அவளுக்குப் பிடிக்காது.

தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கைலியை முயலின் முன்பாதியில் சுற்றினாள், பிறந்த குழந்தையைச் சுற்றுகிற மாதிரி, மூச்சுக்கு இடம் விட்டு. தலையைத் தன் கக்கத்து இருட்டில் புதைத்தாள். முன்கையில் முதுகு, உள்ளங்கையில் பிட்டம், விரல்களுக்கிடையில் மடங்கிய பின்னங்கால்கள். டாக்டர் மஞ்சள் பொருக்கை ஈரத்துணியால் ஊறவைத்துப் பெயர்த்தார்.

உள்ளே புழு. ஒன்று இரண்டு இல்லை. வெந்த சோறு கொதிக்கிற மாதிரி மொத்தமாக அசைந்தது.

பின்னால் நின்ற திருச்செல்வம் "அலமாக்!" என்று அலறினார். அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். கால்வாய் ஓரம் அவர் வாந்தி எடுக்கிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

பிரேமலாவுக்கும் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். ஓடிப்போய் வாந்தி எடுக்க அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? கை நிறைய முயல் இருந்தது. ஒரு மணி நேரம். மழிக்கும் கருவி உறுமும்போதெல்லாம் முயல் உள்ளுக்குள் வில்லாக இறுகுவது அவளுக்குத் தெரிந்தது. இறுகும்போது அவள் இன்னும் குனிந்து அதன் மேல் கவிந்துகொள்வாள், தளரும்போது நிமிர்வாள். அவள் மணிக்கட்டில் ஒரு புழு ஊர்ந்து கைலிக்குள் போகப் பார்த்தது. "டாக்டர், என் கை" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் இடுக்கியால் எடுத்துப் போட்டார். உடம்பு முழுக்கச் சிலிர்த்தது, கை மட்டும் சிலிர்க்கவில்லை.

முடிந்தபோது மோச்சியின் பின்பாதி மொட்டையாக, செக்கச் செவேலென்று, உரித்த கோழி மாதிரி இருந்தது. மூச்சு இருந்தது. பின்னங்கால் இரண்டும் அசைந்தன.

வெளுத்த முகத்தோடு திருச்செல்வம் உள்ளே வந்தார். டாக்டர் விளக்கினார். பிழைக்கும், ஆனால் ஈயின் முட்டை எங்கேயாவது மிச்சம் இருக்கலாம், பத்து நாளைக்குக் காலையும் மாலையும் பிடித்துத் துடைத்து, மருந்து போட்டு, புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டால் இரண்டே நாளில் புழு உள்ளே போய்விடும். இங்கே வைத்துக்கொள்ள முடியாது. பின்னறை முழுக்க நாய், அந்த வாடையிலேயே முயல் தின்பதை நிறுத்திவிடும், தின்னாத முயல் தங்காது.

திருச்செல்வம் முயல் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வேணாம் டாக்டர். என்னால முடியாது. ஊசி போட்டு முடிச்சுடுங்க. மககிட்ட தானா செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"அது உங்க முடிவுதான் அங்கிள்" என்றார் டாக்டர், அதே குடை பிடிக்கிற குரலில்.

பிரேமலாவுக்கு அப்போது வந்த அருவருப்பு புழுவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது. எண்ணெய் தேய்க்கத் தெரிந்தது. கையில் வைத்துக் கொஞ்சத் தெரிந்தது. கைப்பேசியில் பார்த்தால் நூறு படம் இருக்கும். நாறத் தொடங்கியதும் ஊசியாம். அதுவும் மகளிடம் ஒரு பொய்யும் சேர்த்து.

அவளே எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றைக்கூட அவள் வாங்கியதில்லை. அவளுக்கு முயல் வேண்டாம். நாறுகிற எந்தப் பிராணியும் வேண்டாம்.

"டாக்டர், ஒரு பத்து நிமிஷம் ஊசிய எடுக்காதீங்க" என்றாள். அப்புறம் திருச்செல்வத்தைப் பார்த்து, "அண்ணே, இங்க வந்து முட்டி போடுங்க."

"என்னம்மா?"

"தரையில. முட்டி போடுங்க."

"வேணாம்மா. பாத்தாலே கொமட்டுது. பொய் சொல்லல."

"எனக்கும்தான் கொமட்டுது. ஏழு வருஷமா கொமட்டுது. கொமட்டலு நிக்கிற வரைக்கும் காத்திருந்தா ஒரு நாயிக்கும் நான் காது கழுவியிருக்க முடியாது. கொமட்டட்டும். கொமட்டிக்கிட்டே பிடிங்க."

பெரிய உடம்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாக முட்டி போட்டார். பிரேமலா எதிரில் உட்கார்ந்து, கைலியில் பாதி சுற்றிய மோச்சியை அவர் தொடைகளுக்கு நடுவில், தலை அவர் வயிற்றைப் பார்த்திருக்கும்படி வைத்தாள். "இப்ப அதுக்கு முன்னால போக வழியில்ல. தொடையால அணைங்க, நசுக்காதீங்க. எடது கைய பிட்டத்துக்கு அடியில கொடுங்க. வலது கை உங்களுக்கு மிச்சம். வீட்ல ஒத்த ஆளா இப்படித்தான் செய்யணும்."

மோச்சி ஒரு திமிறு திமிறியது. பயத்தில் அவர் வலது கை நேரே காதுக்குத்தான் போனது. பிரேமலா அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். அவளைவிட மூத்த ஆள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காத விடுங்க. காதப் பிடிச்சா ஆடாதுன்னு சொன்னீங்களே, அது உங்களுக்கு அடங்கி நிக்கலண்ணே. செத்தோம்னு நெனச்சு நிக்குது."

திருச்செல்வம் கையை எடுத்துவிட்டார்.

"திமிறினா என்ன செய்யணும்?"

"தெரியலம்மா."

"குனிங்க. உங்க நெஞ்சால மூடுங்க. அவ்வளவுதான்."

மறுபடியும் திமிறியது. அவர் குனிந்தார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார், வாய் கோணியிருந்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அழுகையா குமட்டலா என்று சொல்ல முடியாது, இரண்டும் இருந்திருக்கும். கைலிக்குள்ளிருந்து மோச்சி அவர் சட்டையோடு சேர்த்து வயிற்றைக் கடித்தது.

"கடிக்குதும்மா!"

"கடிக்கும். தொடைய இறுக்காதீங்க."

இறுக்கவில்லை. டிரேலர் ஓட்டுகிற தொடை, நினைத்தால் அந்த முயலை ஒரே நொடியில் முடித்திருக்கும். அவர் அப்படியே கவிந்து கிடந்தார். கொஞ்ச நேரத்தில் முயலின் மூச்சும் அவர் மூச்சும் தணிந்தன.

"இப்ப கண்ணத் தெறந்து பின்னால பாருங்க" என்றாள்.

நிமிர்ந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார், பிறகு இன்னொன்றை. அந்தச் சிவந்த மொட்டைத் தோலை வெகுநேரம் பார்த்தார். ஒரு தடவை குமட்டி, தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"இந்த மடிப்புல இன்னும் ஒன்னு இருக்கும்மா."

பிரேமலா குனிந்தாள். வால் அடியில், டாக்டரும் அவளும் விட்டுப்போன ஒன்று, நூல் அளவு, நெளிந்துகொண்டிருந்தது. பதினாறு வருஷம் குறை தேடிய கண்ணுக்குத் தப்பிப்போயிருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. இடுக்கியை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தாள்.

அவர் எடுத்தார். முதல் தடவை நழுவியது, இரண்டாம் தடவை வந்தது. அவள் நீட்டிய கிண்ணத்தில் போட்டுவிட்டு, இடது கையை அசைக்காமல், டாக்டரைப் பார்க்காமல், அவளிடம் மட்டும் கேட்டார்:

"நாளைக்குக் காலைல எத்தன மணிக்குச் செய்யணும்மா?"

"ஏழு" என்றாள் பிரேமலா. "சாயங்காலமும் ஏழு. மகளுக்கு இன்னைக்கே ஃபோன் போட்டு எண்ண தேச்சதச் சொல்லிடுங்க."